செயின்ட் ஹெலினா – அசென்ஷன்: எங்கோ கிடக்கும் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும் கணக்கிடுவது எப்படி?

தென் அட்லாண்டிக் பெருங்கடலில் செயின்ட் ஹெலினா, அசென்ஷன் என்று இரண்டு பிரிட்டிஷ் தீவுகள் இருக்கின்றன. இரண்டிலும் ஒவ்வொரு விமான நிலையம். தூரம் காட்டும் இணையக் கருவியில் இந்த இரண்டு பெயரையும் போட்டால் 1,300 கி.மீ., இரண்டு மணி நேரம் போல என்று பதில் வரும். அது சரியான பதில்தான். ஆனால் அதை நம்பிப் பயணத் திட்டம் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இந்தத் தடத்தில் பயணிகள் விமானம் மாதத்துக்கு ஒருமுறைதான் பறக்கிறது.

ஊர்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் தூரம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும். தனித்துக் கிடக்கும் நிலையங்களுக்கு அந்தக் கணக்கு பாதிதான். மீதிப் பாதியைத் தீர்மானிப்பது, இறங்க முடியாமல் போனால் விமானம் எங்கே போகும் என்ற கேள்வி. இந்த இரண்டு தீவுகளையே உதாரணமாக வைத்து முதலிலிருந்து பார்ப்போம். கால்குலேட்டர் ஒன்று போதும். போனில் இருப்பதே சரி.

படி 1: சரியான நிலையத்தைப் பிடியுங்கள்

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். அசென்ஷனின் முக்கிய ஊர் ஜார்ஜ்டவுன். அதை மட்டும் தட்டினால் தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவின் தலைநகரமோ, மலேசியாவின் பினாங்கோ வந்து நிற்கும். செயின்ட் ஹெலினா என்ற பெயரில் கலிஃபோர்னியாவிலும் ஓர் ஊர் உண்டு. அதனால் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். செயின்ட் ஹெலினாவுக்கு எச்.எல்.இ., அசென்ஷனுக்கு ஏ.எஸ்.ஐ.

அசென்ஷன் நிலையத்தின் பழைய பெயர் வைட்அவேக். தீவில் கூட்டம் கூட்டமாக முட்டையிட வரும் ஒரு கடற்பறவையின் பெயர் அது. ஆங்கிலத்தில் ‘நன்றாக விழித்திருப்பது’ என்று பொருள்; ராத்திரி பகல் பார்க்காமல் கத்துகிற பறவை என்பதால் பொருத்தமான பெயர்தான். 1942-ல் அமெரிக்க ராணுவம் கட்டிய ஓடுபாதை இது. பழைய ஆவணங்களில் வைட்அவேக் என்று பார்த்தால் வேறு இடமென்று நினைத்துவிட வேண்டாம்.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதிக்கொள்ளுங்கள்

தேவையான எண்கள் இவை:

செயின்ட் ஹெலினா: தெற்கு 15.96, மேற்கு 5.65
அசென்ஷன்: தெற்கு 7.97, மேற்கு 14.39

சில வரைபடங்களில் பாகையும் கலையுமாக இருக்கும். 7 பாகை 58 கலை என்றால் 58-ஐ 60-ஆல் வகுத்து 7-உடன் சேருங்கள், 7.97 வந்துவிடும். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போதும். இரண்டாவது இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ தரையில் ஒரு கிலோமீட்டர் அளவுதான் மாறும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் அது ஒரு பொருட்டே இல்லை.

திசைக்குறி மட்டும் தவறக் கூடாது. தெற்கும் மேற்கும் கழித்தல் குறியோடு வரும். செயின்ட் ஹெலினாவின் தீர்க்கரேகைக்கு அந்தக் கழித்தலை விட்டுவிட்டால் தீவு கிழக்கே நகர்ந்து, 1,300 கி.மீ. தூரம் 2,350 கி.மீ. ஆகிவிடும். நம்புகிற மாதிரியான எண்ணாகவே இருப்பதால் தப்பு கண்ணிலும் படாது.

படி 3: தூரம்

இரண்டு வழி உண்டு. 1,500 கி.மீ.க்குள், துருவப் பகுதியில் இல்லாத இடங்கள் என்றால் பள்ளிக்கூடப் பிதாகரஸ் தேற்றமே போதும்.

ஓர் அட்சப் பாகைக்குத் தரையில் 111.2 கி.மீ. நம் தீவுகளின் அட்ச வித்தியாசம் 15.96 கழித்தல் 7.97, அதாவது 7.99 பாகை. 111.2-ஆல் பெருக்கினால் 888 கி.மீ. இது வடக்கு தெற்காக.

தீர்க்கரேகை வித்தியாசம் 8.74 பாகை. இதை அப்படியே பெருக்கக் கூடாது. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் ஒன்றை ஒன்று நெருங்கும். அதனால் சராசரி அட்சரேகையின் கொசைனாலும் பெருக்க வேண்டும். இங்கே சராசரி 11.97 பாகை, அதன் கொசைன் 0.978. ஆக 8.74 × 111.2 × 0.978, சுமார் 951 கி.மீ. இது கிழக்கு மேற்காக.

888-ன் வர்க்கத்தையும் 951-ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 1,301 கி.மீ. வருகிறது. பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் முறையான சூத்திரமும் இதே 1,301-தான் தருகிறது. கடல் மைலில் வேண்டுமென்றால் 1.852-ஆல் வகுக்க, சுமார் 703.

தூரம் கூடினால் இந்தக் குறுக்கு வழி தடுமாறும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து செயின்ட் ஹெலினாவுக்கு இதே முறையில் 3,695 கி.மீ. வரும், உண்மை 3,680-ஐ ஒட்டியது. அப்படிப்பட்ட இடத்தில் பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் அந்தச் சூத்திரத்துக்கு, அதாவது பெருவட்டச் சூத்திரத்துக்கு மாறுங்கள். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அப்புறம் அவற்றின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கி முதல் விடையுடன் கூட்டுங்கள். வந்ததற்கு ஆர்க் கொசைன் (கொசைனின் தலைகீழ்) எடுத்தால் பாகையில் ஒரு கோணம் கிடைக்கும், அதை 111.2-ஆல் பெருக்கினால் கி.மீ. ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கு 26.14, கிழக்கு 28.25. போட்டுப் பாருங்கள், 33.1 பாகை வர வேண்டும். எக்செலில் செய்பவர்கள் பாகையை முதலில் ரேடியனாக்க வேண்டும். அபத்தமான விடை வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

படி 4: காற்றில்லாத நேரம்

செயின்ட் ஹெலினாவுக்கு வருவது தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனத்தின் எம்ப்ரேயர் 190 விமானம். உயரத்தில் அது மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். 1,301-ஐ 830-ஆல் வகுத்தால் 1.57 மணி, அதாவது 94 நிமிடம்.

இத்துடன் 25 முதல் 30 நிமிடம் சேருங்கள். கிளம்பி மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு உருண்டு போகவும் வரவும் நேரம் பிடிக்கும். பெரிய நகரங்களில் வரிசையில் காத்திருப்பதற்கென்று இன்னும் கூட்டுவார்கள். தீவில் அந்தத் தொல்லை இல்லை, வரிசையில் நிற்க வேறு விமானமே கிடையாது. ஆக மொத்தம் இரண்டு மணி நேரம். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் இந்த மொத்த நேரம்தான்; சக்கரம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை. இணையக் கருவிகளில் பல இந்தக் கூடுதலைச் சேர்ப்பதில்லை. அதனால்தான் ஒரே தூரத்துக்கு ஆளுக்கொரு நேரம் சொல்கின்றன.

படி 5: காற்று

இதற்கு வேறொரு தீவுக்குப் போக வேண்டும். சிலி நாட்டின் ஈஸ்டர் தீவு காற்றின் வேலையைக் காட்ட நல்ல இடம். தலைநகர் சான்டியாகோவிலிருந்து அங்குள்ள மாத்தாவேரி நிலையத்துக்கு 3,750 கி.மீ. மேற்கே போகும் விமானத்துக்கு, மேற்கிலிருந்து வீசும் மேலைக் காற்று எதிர்முகம்; திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்.

இங்கே பறப்பது போயிங் 787. வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. காற்று 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போகும்போது தரையை வைத்துப் பார்த்தால் வேகம் 800. நேரம் 4 மணி 41 நிமிடம். வரும்போது 1,000, நேரம் 3 மணி 45 நிமிடம். கிளம்ப, இறங்க அரை மணி சேர்த்தால் போக ஐந்தே கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு, வர நாலே கால். ஒரே தடம், கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம்.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்று தோன்றும். முழுசாகப் பிடிக்க முடியாது. காற்றில்லாமல் போய்வர 8 மணி 20 நிமிடம். காற்றோடு 8 மணி 26 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் கிடக்கிறது, பின்காற்றின் லாபம் குறைந்த நேரத்துக்குத்தான் கிடைக்கிறது. காற்று பலமானால் இந்த நஷ்டமும் வளரும்.

படி 6: இறங்க முடியாவிட்டால் எங்கே?

எந்த இணையக் கருவியும் சொல்லாத படி இது. என்னைக் கேட்டால் முக்கியமானதும் இதுதான்.

வழக்கமாக ஒரு விமானம் போய்ச்சேர வேண்டிய ஊருக்குத் தேவையான எரிபொருளோடு, பக்கத்தில் இருக்கும் மாற்று நிலையத்துக்குப் போகவும், அங்கே சற்றுச் சுற்றவும் கூடுதல் எரிபொருள் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் எதுவுமே இல்லாவிட்டால்? ஈஸ்டர் தீவுக்கு அருகில் இருக்கும் விமான நிலையம் பிரெஞ்சு பாலினீசியாவின் மங்காரேவாவில்; அதுவே 2,600 கி.மீ. தள்ளி. இப்படிப்பட்ட இடங்களுக்குச் சர்வதேச விதியில் தனி ஏற்பாடு உண்டு. தீவுக்கு மேலே வந்து சேர்ந்த பிறகும் சுமார் இரண்டு மணி நேரம் சாதாரண வேகத்தில் பறக்க எரிபொருள் மீதம் இருக்க வேண்டும். மழையோ மேகமோ விலகும் வரை காத்திருந்து இறங்கலாம் என்பது கணக்கு. வழியில் ஓர் இடத்தில், போவதா திரும்புவதா என்று பைலட் முடிவெடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் திரும்பிப் போக எரிபொருள் போதாது.

அந்த இடத்தை நீங்களும் கணக்கிடலாம். கையிருப்பு எரிபொருள் எத்தனை மணி நேரத்துக்கு என்பதைத் திரும்பும் வேகத்தால் பெருக்குங்கள். போகும் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும் கூட்டி, அதனால் வகுத்துவிடுங்கள். ஈஸ்டர் தீவு தடத்தில் ஏழரை மணி நேர எரிபொருள் இருப்பதாக வைத்துக்கொண்டால், 7.5 × 1,000-ஐ 1,800-ஆல் வகுக்க 4.17 மணி. 800 கி.மீ. வேகத்தில் அது சுமார் 3,330 கி.மீ. அதாவது தீவுக்கு இன்னும் 420 கி.மீ. இருக்கும்போது முடிவு எடுத்தாக வேண்டும்.

செயின்ட் ஹெலினாவில் சிக்கல் இன்னும் அதிகம். நிலையம் கடலிலிருந்து முந்நூறு மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறை விளிம்பில் இருக்கிறது. பள்ளத்தாக்கு ஒன்றை லட்சக்கணக்கான கன மீட்டர் பாறை போட்டு நிரப்பித்தான் ஓடுபாதைக்கே இடம் பிடித்தார்கள். நீளம் 1,950 மீட்டர். தென்கிழக்குக் காற்று அந்தப் பாறையில் மோதி மேலெழும்போது, ஓடுபாதையின் முனையில் காற்றின் வேகமும் திசையும் திடீரென்று மாறுகின்றன. 2016 ஏப்ரலில் போயிங் 737 ஒன்று சோதனைக்கு வந்தபோது இது பெரிய பிரச்சினையாகி, அடுத்த மாதம் நடக்க இருந்த திறப்பு விழா தள்ளிப்போனது. பிரிட்டன் 28.5 கோடி பவுண்டு செலவழித்த நிலையம் பயணிகள் சேவை இல்லாமல் கிடந்தது. 2017 அக்டோபர் 14-ஆம் தேதிதான் முதல் அட்டவணை விமானம் இறங்கியது. அதற்கு முன்பு கேப் டவுனிலிருந்து கப்பலில் ஐந்து நாள் போல ஆகும்.

இப்போது ஒரு கேள்வி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தீவுக்குப் போகும் விமானம் நமீபியாவின் வால்விஸ் பேயில் இறங்கி எரிபொருள் நிரப்புகிறது. திரும்பும்போது நிற்காமல் நேராக ஜோகன்னஸ்பர்க் போகிறது. போகும்போது மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

தூரங்களை எழுதிப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் – வால்விஸ் பே 1,420 கி.மீ. வால்விஸ் பே – செயின்ட் ஹெலினா 2,260 கி.மீ. கூட்டினால் 3,680. நேர்த்தூரமும் அதே 3,680-தான்! வால்விஸ் பே கிட்டத்தட்டப் பெருவட்டக் கோட்டின், அதாவது இரண்டு ஊர்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சுற்றுவழி என்று ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆக, நிற்பதற்குக் காரணம் தூரம் இல்லை.

காரணம் இதுதான். தீவில் காற்று சரியில்லை என்றால் ஆப்பிரிக்கக் கரைக்கே திரும்பி வர வேண்டும்; அதற்கான எரிபொருளும் விமானத்தில் இருக்க வேண்டும். வால்விஸ் பேயிலிருந்து போய்வர சுமார் 4,530 கி.மீ. எம்ப்ரேயர் 190-ன் நீண்டதூர வகைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லையும் அந்த 4,500-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நேராகக் கிளம்பி, இறங்க முடியாமல் அங்கேயே திரும்புவது என்றால் 7,360 கி.மீ.; நடக்கிற காரியம் இல்லை. திரும்பும் பயணத்தில் இந்தக் கவலை கிடையாது. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்க முடியாவிட்டால் சுற்றிலும் வேறு நிலையங்கள் இருக்கின்றன. அதனால் 3,680 கி.மீ.யை ஒரே மூச்சில் பறந்துவிடலாம்.

இதன் விலை காலி இருக்கைகள். சேவை தொடங்கியபோது நூறு பேர் அளவுக்கு இடமுள்ள விமானத்தில் 76 பேரைத்தான் ஏற்றினார்கள். எரிபொருளுக்கும் குட்டை ஓடுபாதைக்கும் ஈடு கட்ட எடையைக் குறைக்க வேண்டியிருந்தது.

அசென்ஷனின் நிலைமை நேர் எதிர். ஓடுபாதை மூன்று கிலோமீட்டருக்கு மேல். விண்வெளி ஓடங்கள் அவசரமாக இறங்க ஒதுக்கி வைத்திருந்த இடங்களில் இதுவும் ஒன்று, மாத்தாவேரியும் ஒன்று. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்துதான் 6,000 கி.மீ.க்கும் மேல் தெற்கே பறந்தன. ஆனால் நீளமாக இருந்தால் மட்டும் போதுமா? தளம் பழுதாகி, 2017-ல் பெரிய விமானங்களுக்குத் தடை வந்தது. சரிசெய்து முடிக்க ஆண்டுகள் ஆயின. அதனால் தூரத்தைக் கணக்கிட்டதும் அந்த ஓடுபாதையின் இன்றைய நிலை என்ன, உங்கள் விமான வகை அங்கே இறங்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

படி 7: கடிகாரம்

செயின்ட் ஹெலினாவும் அசென்ஷனும் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கின்றன. கோடை நேரம், குளிர்கால நேரம் என்ற மாற்றமும் இல்லை. இரண்டுக்கும் இடையே கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

தென்னாப்பிரிக்கா இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் காலை 9 மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். வால்விஸ் பே நிறுத்தம் உட்பட ஆறே கால் மணி நேரம் ஆனால் தீவில் மதியம் 1:15. திரும்பும்போது 2:30-க்குக் கிளம்பி நாலு மணி ஐம்பது நிமிடம் பறந்தால் ஜோகன்னஸ்பர்க்கில் இரவு 9:20. டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்தால் போக நாலே கால் மணி, வர ஆறு மணி ஐம்பது நிமிடம் என்று தலைகீழாகத் தெரியும். வழியில் நின்று போகும் பயணம் வேகமானதாகவும், நேராக வரும் பயணம் மெதுவானதாகவும் தோன்றும். எப்போதும் இரண்டு நேரங்களையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிவிட்டே கழியுங்கள். ஈஸ்டர் தீவிலும் இதே கதைதான். அது சிலியின் பிரதான நிலப்பரப்பைவிட இரண்டு மணி நேரம் பின்னால்.

படி 8: அட்டவணையைத் தூரத்தோடு சேர்த்துப் பாருங்கள்

மாதம் ஒருமுறை பறக்கும் அந்த இரண்டு மணி நேர விமானத்தைத் தவறவிட்டால் என்ன வழி? செயின்ட் ஹெலினாவிலிருந்து ஜோகன்னஸ்பர்க் 3,680 கி.மீ. அங்கிருந்து லண்டன் சுமார் 9,070. லண்டனிலிருந்து சாலை வழியாக பிரைஸ் நார்ட்டன் விமானப்படைத் தளம். அங்கிருந்து விமானப்படை விமானத்தில் இடம் கிடைத்தால் அசென்ஷன், சுமார் 6,750. மொத்தம் 19,500 கி.மீ. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே அதிகபட்ச நேர்த்தூரமே சுமார் 20,000 கி.மீ.தான். 1,300 கி.மீ. தள்ளியிருக்கும் பக்கத்துத் தீவுக்குப் போக, பூமியின் மறுபக்கம் போகிற தூரம்.

திட்டம் போடும்போது முதலில் மாதாந்திர விமானத்தின் தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். செயின்ட் ஹெலினாவுக்கான விமானம் காற்றால் ஒருநாள் தள்ளிப்போவது அங்கே சகஜம். தீவிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்த அன்றிரவே ஊருக்கு விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டாம். குறைந்தது ஓர் இரவு இடைவெளி விடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அந்த ஓர் இரவுக்கு நிலையத்தை விட்டு வெளியே வரத் தென்னாப்பிரிக்க விசா வேண்டும். அசென்ஷனுக்கு யாராக இருந்தாலும் முன்னனுமதி இல்லாமல் போக முடியாது. அந்த அனுமதி கைக்கு வந்த பிறகு டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள்.